தகர டின்னில் ஒரு சீத்தா

சீத்தாப்பழக் கொட்டை ஒரு மாதத்தில் முளைத்துவிடும் என்று என் கணவர் சொன்னார். ஒரு மாதம் போய் வெகுநாள் ஆகியும் முளைக்கவில்லை. அவருக்கு அப்போது வேறு வேலை கிடையாது. தினமும் காலையில் பின்பக்கத்தில் அந்தத் தகர டின்னுக்குப் பக்கத்தில் சாக்கை விரித்து உட்கார்ந்துவிடுவார். காலை வெயில் நெஞ்சுக்கு நல்லது என்று டாக்டர் சொல்லியிருந்தார். வெயிலுக்காக உட்கார்ந்தாரா, டின்னுக்காக உட்கார்ந்தாரா என்று நான் கேட்டதில்லை.

அவர் பஸ் கண்டக்டராக இருந்தவர். திருவண்ணாமலைக்கும் கீழ்பென்னாத்தூருக்கும் நடுவில் ஓடிய ஒரு தனியார் பஸ்ஸில் வேலை. இருமல் வந்து, சளியில் ரத்தம் வந்து, டி.பி. என்று தெரிந்ததும் முதலாளி நல்லவிதமாகப் பேசி அவரை நிறுத்திவிட்டார். எச்சில் தொட்டு டிக்கெட் கிழிக்கிற வேலை. ஜனங்கள் பயப்படத்தானே செய்வார்கள். சானடோரியத்தில் பல மாதங்கள் இருந்துவிட்டு அவர் திரும்பி வந்தபோது நாங்கள் குடியிருந்த வீட்டுக்காரரும் காலி செய்யச் சொல்லிவிட்டார். எமர்ஜென்சி முடிந்திருந்த சமயம் அது. எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. கோயில் பக்கத்துக் கடை ஒன்றுக்கு விபூதி, குங்குமப் பொட்டலம் மடித்துக் கொடுத்து நான் குடும்பத்தை ஓட்டிக்கொண்டிருந்தேன்.

வீடு தேடிப் போன இடத்தில் எல்லாம் அவர் இருமினார். அடக்கிப் பார்ப்பார். அடக்கினால் முகம் சிவந்து கண்ணில் நீர் வந்துவிடும். அதைப் பார்த்தாலே விஷயம் தெரிந்துவிடும். உள்ளே வந்து பாருங்கள் என்று கூப்பிட்டவர்கள்கூட வாசலிலேயே, "சொந்தக்காரங்க வரப்போறாங்க, வீடு இல்லீங்க" என்றார்கள். எனக்கு யாரிடமும் நிமிர்ந்து பேச வராது. இன்னொரு தடவை கேட்டுப் பார்க்கலாம் என்று தோன்றும், வாய் வராது. நாங்கள் திரும்பி நடப்போம்.

கடைசியில் கிடைத்தது தேரடிக்குப் பின்னால் ஒரு சந்தில், ஒரு வீட்டின் பின்கட்டு. ஓர் அறை, ஒரு சமையல் மூலை, பின்னால் கிணறும் கொஞ்சம் மண்தரையும். முன்கட்டில் வீட்டுக்காரம்மா தனியாக இருந்தார். அறுபது வயதைத் தாண்டியவர், உயரமானவர், சத்தமாகப் பேசுகிறவர். என் கணவர் இருமியதும் அவர் நேராகவே கேட்டார்.

"என்னா தம்பி, டி.பி.யா?"

அவர் தலையை ஆட்டினார். நான் செருப்பை மாட்டிக்கொள்ளத் தயாராகிவிட்டேன்.

"எங்க வூட்டுக்காரரும் இருமித்தான் போனாரு. பக்கத்துலயே கெடந்தேன். எனக்கு ஒண்ணும் ஆவல. வியாதிக்கெல்லாம் பயப்படறவ இல்ல நான். ஆனா ஒண்ணு சொல்லிட்டேன், மரம் மட்டும் வைக்கக் கூடாது."

"மரமாங்க?" என்றார் இவர்.

"மரந்தான். எங்க அக்கா வூட்டுல ஒருத்தன் குடி வந்தான். வந்த வருஷமே தென்னங்கன்னு வச்சான். அட, நல்லதுதானேன்னு எங்க அக்காவே தண்ணி ஊத்துனா. இன்னிக்கி அவன் எளநி வெட்டிக் குடிச்சிக்கினு, நான் வச்ச மரம், நான் போவமாட்டேன்றான். கோர்ட்டுல அந்த மரத்தைச் சாட்சி சொல்றான்பா! கீரை வச்சிக்கோ, தக்காளி வச்சிக்கோ, கனகாம்பரம் வச்சிக்கோ. வருஷத்துக்குள்ள சாவறது எது வேணா வச்சிக்கோ. நின்னு வளர்றது கூடாது."

எங்கள் ஊரில் வீடு வாடகைக்கு விடுகிற பலருக்கு இந்தப் பயம் இருந்தது. மரம் வைத்தவன் கிளம்பமாட்டான் என்று நினைப்பார்கள். முருங்கைக் கொம்பு நட்டதற்காகச் சண்டை வந்து காலி செய்தவர்களை எனக்குத் தெரியும். எங்களுக்கு மரம் வைக்கிற எண்ணமே கிடையாது. தலைக்கு மேல் கூரை கிடைத்தால் போதும் என்றிருந்தோம். சந்தோஷமாகச் சரி என்று சொல்லிவிட்டுக் குடிவந்தோம்.

அந்தப் புரட்டாசியில் அடி அண்ணாமலைப் பக்கத்துப் பெண்கள் கூடையில் சீத்தாப்பழம் கொண்டுவந்து விற்றார்கள். நோயாளிக்குப் பழம் கொடுக்கச் சொல்லியிருந்தார்கள். ஆப்பிள் வாங்க நம்மால் ஆகுமா? மலையில் தானாகக் காய்க்கிற சீத்தாதான் எங்களுக்கு எட்டிய பழம். அவர் சுளையைச் சாப்பிட்டுவிட்டுக் கொட்டைகளை ஒன்றுவிடாமல் தட்டில் துப்பி வைத்தார். மறுநாள் பார்த்தால் கழுவி முறத்தில் காயப்போட்டிருந்தார்.

"எதுக்குங்க இது?"

"போட்டுப் பாக்கலாம்னு."

"அந்தம்மா மரம் கூடாதுன்னு சொல்லிச்சே."

"இது முளைக்கவே ஒரு மாசம் ஆவும். அதுக்குள்ள என்னா?" என்று சொல்லிவிட்டு, "டின்னுலதான் போடப்போறேன். மண்ணுல இல்ல" என்றார்.

அவர் அப்போது அதிகம் பேசுவதில்லை. வாங்கிக் கொடுத்ததைச் சாப்பிடுவார், மாத்திரையை விழுங்குவார், சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வார். சானடோரியத்திலிருந்து வந்த பிறகு அவர் இப்படிச் செய்யலாம், அப்படிச் செய்யலாம் என்று ஒன்றைப் பற்றிச் சொன்னது அதுதான் முதல் தடவை. நான் முறத்தை நல்ல வெயில் படும் இடத்துக்கு நகர்த்தி வைத்தேன்.

முறத்தில் காய்ந்த கொட்டையை வீட்டுக்காரம்மா பார்த்துவிட்டார். அவர் கேட்ட கேள்விதான் எங்களைக் காப்பாற்றியது. "பேனுக்கா?" என்றார். சீத்தாக் கொட்டையை அரைத்துத் தலையில் தேய்த்தால் பேன் ஒழியும் என்று எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். நான் ஆமாம் என்று தலையாட்டினேன்.

"பாவம், அவ்வளோ அரிக்குதா? கண்ணுல பட்டுடப் போவுது, ஜாக்கிரதை. எனக்கும் கொஞ்சம் அரைச்சிக் குடு."

பாதிக் கொட்டையை அவருக்கு அரைத்துக் கொடுக்க வேண்டியதாகிவிட்டது. அவர் தலையில் பேன் செத்ததோ இல்லையோ தெரியாது. என் கணவர் அன்றைக்குச் சிரித்தார். சிரிப்பு இருமலில் போய் முடிந்தது.

மிச்சம் இருந்த கொட்டைகளைக் கிணற்றடிச் சிமெண்டில் ஒவ்வொன்றாகத் தேய்த்தார். கறுப்புத் தோல் கொஞ்சம் தேய்ந்து உள்ளே வெளுப்பாகத் தெரியும்வரை தேய்க்க வேண்டும், இல்லாவிட்டால் தண்ணீர் உள்ளே இறங்காது என்றார். ஒரு கொட்டை தேய்த்துவிட்டு மூச்சு வாங்குவார். அப்புறம் அடுத்தது. தேய்த்ததைத் தண்ணீரில் ஊறவைத்து, மிதந்ததை எறிந்துவிட்டு, எண்ணெய் டின் ஒன்றின் அடியில் ஆணியால் ஓட்டை போட்டு, மண்ணும் சாணித்தூளும் மணலும் கலந்து நிரப்பி, விரல் அளவு ஆழத்தில் புதைத்தார்.

பிறகு ஒன்றுமே நடக்கவில்லை. அரிசி களைந்த தண்ணீரைத் தினமும் ஊற்றினோம். மண் காய்ந்தது, நனைந்தது, பாசி பிடித்தது. ஐப்பசி மழையில் டின்னைத் தாழ்வாரத்தில் எடுத்து வைத்து, வெயில் வந்ததும் வெளியே வைத்தோம். வீட்டுக்காரம்மா தண்ணீர் சேந்த வரும்போதெல்லாம் எட்டிப் பார்ப்பார்.

"என்னா போட்டிருக்க தம்பி?"

"கீரைங்க."

"கீரை மூணு நாள்ல வந்து நிக்குமே! மண்ணுக்கே தண்ணி ஊத்திக்கினு இருக்கறியே, மண்ணு வளருதா?"

"பழைய விதைங்க, லேட் ஆவுது."

"லேட்டா? உன் கீரை வர்றதுக்குள்ள நான் போய்ச் சேந்துடுவேன் போல."

ஒருநாள் என் கணவருக்கே பொறுக்கவில்லை. குச்சியால் ஒரு மூலையைக் கிளறி ஒரு கொட்டையை எடுத்தார். அழுத்தியதும் பொதபொதவென்று நசுங்கியது. இன்னொன்றை எடுத்தார். அது போட்டபோது இருந்த மாதிரியே கல்லாக இருந்தது. அதைத் திரும்பப் புதைத்துவிட்டு வந்து படுத்துக்கொண்டார். அன்றைக்கு நான் கஞ்சியை வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன்.

டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு ஏற்கெனவே சொல்லியிருந்தார். மருந்து பிடிக்க வேண்டிய அளவுக்குப் பிடிக்கவில்லை, நுரையீரல் இரண்டு பக்கமும் போய்விட்டது என்று. சீத்தா காய்க்க முளைத்த பிறகும் நாலு வருடமாவது வேண்டும். எனக்குப் படிப்பு அதிகம் இல்லை என்றாலும் இந்தக் கணக்கு வந்தது. அவருக்கும் வந்திருக்கும்.

கார்த்திகை தீபம் முடிந்து மலைமேல் கொப்பரை அணைந்த பிறகு ஒரு காலையில் அவர் என்னைக் கூப்பிட்டார். குரலில் அவசரம் இருந்ததால் ரத்தம்தான் வந்துவிட்டது என்று ஓடினேன். டின்னில் ஒரே ஒரு முளை. ஊசி வளைந்த மாதிரி கூன் போட்டு நின்றது. கொட்டையின் ஓடு தலையில் தொப்பி மாதிரி மாட்டிக்கொண்டு கழலவில்லை. பிடித்து இழுத்தால் தலையே வந்துவிடும். அவர் பஞ்சைத் தண்ணீரில் நனைத்து அந்த ஓட்டின் மேல் சுற்றி வைத்தார். காய்ந்தால் மறுபடி நனைப்பார். அதுவாக ஓட்டைத் தள்ளிவிட்டு இரண்டு இலை விரிக்கும்வரை அவர் அந்த இடத்தை விட்டு நகரவில்லை. மற்றக் கொட்டைகளில் ஒன்றுகூட வரவில்லை.

வெயில் காலத்துக்குள் அது ஒரு சாண் உயரம் வந்து நல்ல இலை விட்டது. வீட்டுக்காரம்மா ஒருநாள் ஓர் இலையைக் கிள்ளிக் கசக்கி மோந்து பார்த்தார். மலையைச் சுற்றி வளர்ந்தவர்களுக்கு அந்த வாசனை தெரியாமல் இருக்குமா?

"இதான் உன் கீரையா? ஆடுகூட வாய் வைக்காத கீரையால்ல இருக்கு! எங்கிட்ட கூடாதுன்னு ஒண்ணே ஒண்ணுதான் சொன்னேன் தம்பி."

"மண்ணுல வைக்கலீங்க. டின்னுலதான் இருக்கு. நாங்க போனா அதுவும் கூடவே வந்துடும்."

அந்தம்மா இடுப்பில் கை வைத்துக்கொண்டு யோசித்தார். இந்த வீட்டையும் விட்டால் எங்களுக்கு வேறு வாசல் கிடையாது.

"சரி. ரெண்டு செங்கல்ல தூக்கி வை. தரையத் தொடக்கூடாது. வெள்ளிக்கெழம வெள்ளிக்கெழம நான் வந்து நகத்திப் பாப்பேன். நகரலன்னா நீங்க நகரணும்."

சொன்னபடியே செய்தார். வெள்ளிக்கிழமை முற்றம் கழுவும்போது டின்னை இரண்டு கையாலும் பிடித்து ஒரு முழம் தள்ளி வைப்பார். அடுத்த வாரம் பழைய இடத்துக்கே திரும்பத் தள்ளுவார். "என்னாமா, உங்க வூட்டுப் பொண்ணு எடை ஜாஸ்தி ஆயிட்டே போறா" என்று கேலி செய்வார். என் கணவர் அவரைக் கோபித்துக்கொள்ளவில்லை. அவர் வந்து நகர்த்துகிற வெள்ளிக்கிழமைகளில் எழுந்து உட்கார்ந்து எதிர்பார்க்கக்கூட ஆரம்பித்தார்.

அந்த வருடம் ஐப்பசியில் அவருக்கு மறுபடி ரத்தம் வந்தது. இந்தத் தடவை நிற்கவில்லை. சானடோரியத்துக்குக் கூட்டிக்கொண்டு போய் நானும் கூடவே தங்கினேன். கதவைப் பூட்டிச் சாவியை வீட்டுக்காரம்மாவிடம் கொடுத்துவிட்டுப் போனோம். மழைக்காலம் முழுவதும் அங்கேயே கழிந்தது. தீபத்தை நாங்கள் பார்க்கவில்லை. தை மாதம், இனி வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். அதற்கு என்ன அர்த்தம் என்று இரண்டு பேருக்கும் தெரியும்.

வந்ததும் அவர் என் தோளைப் பிடித்துக்கொண்டு பின்பக்கம்தான் போனார். செடி இடுப்புக்குக் கொஞ்சம் கீழே வரை வந்திருந்தது. நாங்கள் பார்க்காத நேரத்தில் அப்படி ஒரு வளர்ச்சி. "பாத்தியா!" என்றார். அந்த ஒரு நாள் நன்றாகவே இருந்தது.

நாங்கள் இல்லாத மாதங்களில் டின்னைத் தொடாமல் விட்டிருந்த வீட்டுக்காரம்மா வெள்ளிக்கிழமை வந்து அதைப் பிடித்துத் தள்ளினார். நகரவில்லை. இன்னும் அழுத்தித் தள்ளினார். டின்னின் அடிப்பக்கம் துரு பிடித்துப் பொலபொலவென்று உதிர்ந்தது. குனிந்து பார்த்தார். கீழே செங்கல் இல்லை. டின் தரையிலேயே உட்கார்ந்திருந்தது. அடி ஓட்டை வழியாக வேர் மண்ணுக்குள் இறங்கியிருந்தது.

"எறங்கிடுச்சி," என்றார். அவர் முகம் வெளுத்துவிட்டது. "நான் சொன்னேன்ல? எறங்கிடுச்சி."

"செங்கல் எங்கம்மா?" என்று கேட்டார் இவர்.

செங்கல் கிணற்றுக்கு அந்தப் பக்கம் கிடந்தது. இரண்டும் கரி பிடித்துக் கறுத்திருந்தன. தீபத்துக்கு வந்த வீட்டுக்காரம்மாவின் சொந்தக்காரர்கள் முற்றத்தில் அடுப்பு கூட்டிப் பொங்கியிருக்கிறார்கள். ஒவ்வொரு வருடமும் நடப்பதுதான். அடுப்புக்குக் கல் போதாமல் டின்னுக்கு அடியில் இருந்ததை உருவிக்கொண்டிருக்கிறார்கள். அந்தம்மாவும் அதைப் பார்த்தார்.

"எவன் எடுத்தா என்னா? வேர் உன் மரத்துதுதானே?"

கறுத்த செங்கல்லைக் காலால் ஒதுக்கிவிட்டு அவரே மேலே சொன்னார்.

"வேரை அறுத்துட்டு டின்ன தூக்கி வை. இல்லாட்டி வூட்ட காலி பண்ணு. அடுத்த வெள்ளிக்கெழம நான் பாக்கும்போது நகரணும்."

"இப்ப அறுத்தா செத்துடும்மா. கீழ போனதுதான் ஆணிவேர். வெயில் காலம் வருது. மழை வரைக்கும் விடுங்க, மழையில அறுத்தா பொழைச்சிக்கும்."

"மழைக்குள்ள அது பாதாளத்துக்குப் போயிடும். எங்க அக்காளும் இப்பிடித்தான் போவட்டும் போவட்டும்னு இருந்தா."

அந்த வாரம் நான் பொட்டலம் கொடுக்கப் போகும்போதெல்லாம் வீடு விசாரித்தேன். வெட்கத்தை விட்டு, தெரியாதவர்களிடம்கூடக் கேட்டேன். வேங்கிக்கால் பக்கத்தில் ஒரு வீடு இருப்பதாகச் சொன்னார்கள். நடந்தே போனேன். புது வீடு, சுற்றிலும் காலி இடம். அந்த வீட்டுப் பெண் தண்ணீர் கொடுத்து உட்காரச் சொன்னார். வீட்டில் யார் யார் என்று கேட்டார். நான் பொய் சொல்லப் பார்த்தேன், முடியாமல் உள்ளதையே சொல்லிவிட்டேன். குடித்த தம்ளரை அவர் கையில் வாங்காமல் கீழே வைக்கச் சொன்னார்.

திரும்பி வந்து எதுவும் சொல்லாமல் அடுப்பைப் பற்றவைத்தேன். அவர் படுத்தபடியே என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எங்க போயி வந்த?"

"கடைக்கு."

"கடைக்குப் போனா கால்ல இவ்ளோ புழுதி ஆவாது." கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினார். "இங்க பாரு. நான் எங்க போவப்போறேன்னு எனக்குத் தெரியும். நீ எங்க போவ? எனக்கப்புறம் இந்த வீடு உனக்கு வேணும். அறுத்துடு."

"மழை வரைக்கும்..."

"அறுத்துடுன்றேன்."

வியாழக்கிழமை காலையில் கடப்பாரையை வீட்டுக்காரம்மாவிடமே இரவல் வாங்கினேன். டின்னைச் சாய்த்தால்தான் வேர் தெரியும். என் ஒருத்தியால் சாய்க்க முடியவில்லை. அந்தம்மா புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு தானாக வந்து ஒரு பக்கம் பிடித்தார். "மெதுவாடி, மெதுவா, கிளை ஒடியப்போவுது" என்றார். உண்மையிலேயே அதற்கு வலிக்கும் என்பதுபோல் பார்த்துக்கொண்டு சொன்னார். வேர் என் சுண்டுவிரல் பருமன் இருந்தது. வெளியே பழுப்பு, வெட்டிய இடத்தில் வெள்ளை. அரிவாளால் இரண்டு வெட்டில் போய்விட்டது. டின்னின் அடி கையோடு வந்துவிட்டதால், மண்ணோடு செடியைத் தூக்கி வேறு டின்னில் வைத்தோம். அந்தம்மா தன் வீட்டிலிருந்து புதுச் செங்கல் இரண்டு கொண்டுவந்து போட்டு, கிணற்றிலிருந்து ஒரு குடம் தண்ணீரும் சேந்தி ஊற்றினார்.

உள்ளே அவர் இருமாமல் படுத்திருந்தார்.

சாயங்காலத்துக்குள் இலைகள் தொங்கிவிட்டன. வாரத்துக்குள் எல்லாம் கொட்டிவிட்டது. ஆனால் சீத்தா கோடையில் இலை உதிர்க்கிற சாதி. மலையில் இருந்த சீத்தாவெல்லாம்கூட அப்போது மொட்டையாகத்தான் நின்றன. அதனால் எங்கள் செடி செத்ததா, உதிர்த்துவிட்டு நிற்கிறதா என்று யாராலும் சொல்ல முடியவில்லை. செத்திருந்தால் அன்றைக்கே தெரிந்துபோயிருக்கலாம் என்று எனக்குப் பல தடவை தோன்றியிருக்கிறது. மாசி, பங்குனி, சித்திரை என்று அந்தக் குச்சிக்குத் தண்ணீர் ஊற்றினோம். அவரால் இப்போது வெளியே வர முடியாது. நான்தான் போய்ப் பார்த்து வந்து சொல்ல வேண்டும்.

"நகத்தால கீறிப் பாரு. பச்சை இருக்குதா?"

முதலில் நுனியில் கீறினேன். பழுப்பு. அப்படியே சொன்னேன். "நுனி காயும். கீழ கீறு" என்றார். சில நாள் கழித்து நடுவில் கீறினேன். பழுப்பு. "இன்னும் கீழ." வைகாசியில் இரண்டு நல்ல மழை பெய்தது. மலைப்பக்கம் சீத்தாவெல்லாம் துளிர்த்துவிட்டன என்று கடையில் பேச்சுவாக்கில் கேட்டேன். அன்றைக்கு மண்ணை ஒட்டிக் கீறிப் பார்த்துவிட்டு உள்ளே போனேன். அவர் என் முகத்தைப் பார்த்தார். கேட்கவில்லை. அதற்குப் பிறகு ஒருநாளும் கேட்கவில்லை.

ஆடி பிறந்து சில நாளில் அவர் போய்விட்டார். வீட்டுக்காரம்மாவின் சொந்தக்காரர்கள் சிலர் அவரைக் குற்றம் சொன்னார்கள். வாடகை வீட்டில் சாவு விழ விட்டுவிட்டாயே, முன்பே அனுப்பியிருக்கக் கூடாதா என்று. "அதுக்கென்னா, எம் புருஷனும் இந்த வூட்டுலதான் போனாரு" என்று அவர் எல்லோருக்கும் கேட்கும்படி சத்தம் போட்டார்.

காரியம் முடிந்ததும் கீழ்பென்னாத்தூரிலிருந்து வந்திருந்த என் அண்ணன் என் பெட்டியைக் கட்டச் சொன்னார். நான் வரவில்லை என்றேன்.

"இங்க யாரு இருக்காங்க உனக்கு?"

"யாரும் இல்லண்ணா."

"அப்புறம் எதுக்கு? நாலு செவுத்தப் பாத்துக்கினு ஒக்காரவா? கிறுக்கு புடிச்சிருக்கா உனக்கு?"

இந்த வீட்டை எனக்காக என் கணவர் என்ன கொடுத்து வாங்கினார் என்று அண்ணனிடம் சொல்ல எனக்கு வார்த்தை வரவில்லை. சொன்னாலும் ஒரு சீத்தாச் செடிக்கா இவ்வளவு என்றுதான் கேட்டிருப்பார். அண்ணன் கோபித்துக்கொண்டு பஸ் ஏறிவிட்டார். நான் உள்ளே வந்து, கடைக்காரர் கொடுத்தனுப்பியிருந்த விபூதி மூட்டையைப் பிரித்தேன்.

எண்பதுகளின் நடுவில் அந்தம்மா காலமாகி, வாரிசுகள் வீட்டை விற்கும்வரை நான் அந்தப் பின்கட்டில்தான் இருந்தேன். யாரும் என்னைக் காலி செய்யச் சொல்லவில்லை. என் கணவர் நினைத்த மாதிரியே எனக்கு இருக்க ஓர் இடம் இருந்தது. காலையில் எழுந்து ஒருத்திக்குச் சமைப்பேன், பொட்டலம் மடிப்பேன், சாப்பிடுவேன், படுப்பேன். அந்த வீட்டில் நான் செய்ததெல்லாம் அவ்வளவுதான்.